கண்ணில் படாத சொல்

என் முதல் நாவலின் கைப்பிரதியை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். படப்பையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்த தாள்கள். ஓரங்கள் பழுத்துவிட்டன. தாள்களின் மேல் அங்கங்கே நகக்கண் அளவுக்குச் சிவப்பு அம்புகள் ஒட்டியிருக்கின்றன. கார் பம்பரில் ஒரு கீறலோ, பெயிண்டுக்குள் சிக்கிய தூசியோ தெரிந்தால் ‘இதோ, இங்கே’ என்று காட்டுவதற்காக ஒட்டும் ஸ்டிக்கர்கள் அவை. என் வாக்கியங்களின் மேல் அவற்றை ஒட்டியவர் எங்கள் இன்ஸ்பெக்டரம்மா.

ஒரகடத்தைத் தாண்டி, பிள்ளைப்பாக்கம் போகும் வழியில், பம்பர் செய்து பெயிண்ட் அடித்து அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் நான் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். தெற்கே சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, படப்பையில் அறை எடுத்துத் தங்கியவன். பம்பரின் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டரம்மா வடக்குப்பட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும். லைனின் முடிவில், நாலு பக்கமும் குழல் விளக்குகள் எரியும் வெள்ளைக் கூண்டுக்குள் நின்றபடி, நகர்ந்து வரும் பம்பர்களைக் கையுறை விரல்களால் தடவிப் பார்ப்பார். அந்த வெளிச்சத்தில் நிழல் விழாது. எட்ட நின்று பார்த்தால் அவர் தரையில் நிற்கிறாரா, தண்ணீருக்குள் நிற்கிறாரா என்று சந்தேகம் வரும். நீலப் பம்பர் வந்தால் முகத்தில் நீலம் ஏறும். சிவப்பு வந்தால் சிவக்கும். நாளெல்லாம் அவர் முகத்தில் நிறங்கள் வந்து வந்து போகும்.

காலை ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பேருந்தில்தான் நான் எழுதியதைத் திருத்துவது வழக்கம். மார்கழிப் பனியில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெளுத்திருக்கும். கழுத்தில் அடையாள அட்டை ஊசலாட எல்லோரும் வாய் திறந்து தூங்குவார்கள். வெளியே ஏரியும் கிடங்குகளும் புதிதாகப் போட்ட பிளாட்டுகளின் எல்லைக்கற்களும் ஒரே வெள்ளையாகக் கரைந்து போகும். அப்படி ஒருநாள் நானும் தூங்கிவிட்டேன். இறங்கும் அவசரத்தில் தாள்கட்டை இருக்கையிலேயே விட்டுவிட்டேன். நாலு நாள் தேடினேன். ஐந்தாம் நாள் காலை அவர் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து, கட்டை என் மடியில் வைத்தார்.

“தப்பா நெனச்சிக்காத சார். பட்ச்சிட்டேன். கை சும்மா இருக்கல, ஒட்டிட்டேன்.”

முதல் அம்பு ‘மெல்ல’ என்ற சொல்லின் மேல் இருந்தது. இரண்டாவதும் அதன் மேல்தான்.

“இன்னா சார், உங்க கதையில அல்லாரும் மெல்லமாவே நடக்கறாங்க? மெல்ல எழுந்தான், மெல்லத் திரும்பினான், கதவக்கூட மெல்லத்தான் தொறக்கறான். இப்டி நடந்தா நம்ம கம்பெனில பஞ்ச் பண்றதுக்குள்ள லேட் ஆயிடும்.”

எனக்குச் சுருக்கென்றது. கதையில் வரும் தாய், அத்தியாயத்துக்கு அத்தியாயம் பெருமூச்சு விட்டிருந்தாள். “இந்தம்மாவுக்கு வீசிங் எதனா கீதா?” என்று கேட்டார். ‘ஏதோ ஒரு வலி’ என்று எழுதியிருந்த இடத்தில் மூன்று அம்புகள். “வலின்னா எங்க வலின்னு சொல்லணும் சார். தெரியலன்னா எழுதாத.” கண்கள் கலங்கிய இடங்களை எண்ணிக்கூட வைத்திருந்தார். அந்த எண்ணிக்கையை இங்கே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, வேறெந்தப் புத்தகத்திலும் இந்தச் சொற்கள் வராதா என்று சண்டைக்குப் போனேன். அவர் சிரிக்கவில்லை. பம்பரைப் பற்றிப் பேசும் அதே குரலில் சொன்னார்: “ஒரு வாட்டி வந்தா தூசி சார். தொடச்சா போயிடும். அதே எடத்துல திரும்பத் திரும்ப வந்தா, பம்பர்ல ஒண்ணும் இல்ல, மெசின்லதான் கோளாறு. அங்க போயி பாக்கணும்.”

அதற்குப் பின் அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் பேருந்தில் அருகருகே அமர்ந்து பக்கம் பக்கமாகத் திருத்தினோம். நான் தணிந்த குரலில் வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். தூங்கிவிட்டார் என்று நினைக்கும்போது விரல் உயரும். ‘மெல்ல’வை எடுத்துவிட்டால் அந்த மனிதன் எப்படி நடந்தான் என்று நான் யோசிக்க வேண்டியிருந்தது. செருப்பின் வார் அறுந்ததால் காலை இழுத்து நடந்தான் என்று தெரிந்தது. பெருமூச்சை எடுத்ததும் அந்தத் தாய் முதல்முறையாக வாயைத் திறந்து திட்டினாள். பனிக்குள் ஓடும் அந்த வண்டியில், நானே உண்டாக்கிய மனிதர்கள் ஒவ்வொருவராக விழித்து எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் அத்தியாயம் வந்தது. அதை வாசிக்க வேண்டாம் என்று என் கையைத் தடுத்தார். அந்தப் பக்கங்களில் அம்புகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன, எல்லாம் வாக்கியங்களின் கடைசியில். அழைக்கப்பட்டாள். விசாரிக்கப்பட்டாள். வேலையிலிருந்து நீக்கப்பட்டாள்.

“மத்த எடத்துல எல்லாம் அவன் செஞ்சான், இவ செஞ்சா அப்டின்னு ஒயுங்காத்தான் எழுதிகினு வர்றீங்க. இங்க மட்டும் பட்டாள், பட்டாள்னு இருக்குது. யாரு சார் நீக்குனது?”

அந்த அத்தியாயம் கற்பனை இல்லை என்பது அவருக்குத் தெரியும். முந்தைய வருடம் ஒருநாள், லாரி கிளம்பத் தாமதமாகிறது என்று, பம்பர்களை இரண்டாம் முறை சோதிக்க வேண்டாம், ஏற்றுங்கள் என்று நான் சொன்னேன். அந்த லோடு கீறல்களோடு திரும்பி வந்தது. யார் பேக் செய்தது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மணிமங்கலத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருத்தியின் பெயரைச் சொன்னேன். மறுநாள் அவள் வரவில்லை.

“நீங்க ஏத்தச் சொன்னப்ப நானும் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்” என்றார் இன்ஸ்பெக்டரம்மா, ஜன்னல் பக்கம் திரும்பி. “அந்தப் பொண்ணு எங்கூட ஒண்ணா ஒக்காந்து சாப்புட்ற பொண்ணு. ஆபீஸ்ல கேட்டப்போ நான் வாயத் தொறக்கல. இத்தப் பட்ச்சதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல சார்.”

அந்த வாரம் ஆறாம் அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினேன். கதைசொல்லியையே சூப்பர்வைசராக மாற்றினேன். ‘நான் அவள் பெயரைச் சொன்னேன்’ என்ற ஒரு வரிக்கு ஒரு முழு மாலை பிடித்தது. நல்ல வரி வந்துவிட்டது என்ற மிதப்பும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தாள்களை எடுத்துக்கொண்டு, இருவரும் மணிமங்கலம் போனோம். அவள் ஒரு துணிக்கடை வாசலில், காலை மடக்கி உட்கார்ந்து பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்.

“கதையில எழுதிட்டீங்க. கம்பெனில எழுதுனீங்களா?”

அவ்வளவுதான் கேட்டாள். திரும்பி வரும் ஷேர் ஆட்டோவில் இன்ஸ்பெக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். இரண்டாம் சோதனை வேண்டாம் என்று சொன்னது நான். கீறல் எப்படி விழுந்தது என்று தெரியாமலே அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னதும் நான். நான் எழுதியவற்றில் திருத்தம் தேவைப்படாதது அது ஒன்றுதான். அலுவலகத்தில் கொடுக்கப் போகும்போது இன்ஸ்பெக்டரம்மா தாளை வாங்கிப் படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே, ‘நானும் அங்கு இருந்தேன். அன்று சொல்லவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது.

என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவளைத் திரும்ப வேலைக்கு அழைத்தார்கள், அவள் வரவில்லை. ஆனால் அவள் மேல் குறை இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்த கடிதத்தை வாங்கிக்கொண்டாள். அதை வைத்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் இன்ஸ்பெக்டரம்மா, கணவரின் வேலை மாற்றத்தால் ஓசூருக்குப் போனார். அந்த வெள்ளைக் கூண்டில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள்.

நான் இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறேன். நாவலை முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற மாதம் ஒரு காலை, ஒரகடம் கூட்ரோட்டில் சிக்னலுக்காக எங்கள் பேருந்து நின்றது. பனி. பக்கத்தில் இன்னொரு கம்பெனியின் பேருந்து வந்து நின்றது. எதிர் ஜன்னலில் அவள், அந்த மணிமங்கலத்துப் பெண். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள். நானும் திறந்தேன்.

“அந்தக் கதை முடிஞ்சுதா சார்?”

“முடிஞ்சுதும்மா.”

“அதுல என் பேர் இன்னா?”

சிக்னல் விழுந்து, அவளுடைய பேருந்து பனிக்குள் நகர்ந்தது. நான் திறந்த ஜன்னலில் கையை வைத்தபடியே இருந்தேன். அந்த அத்தியாயம் முழுக்க அவளை ‘அவள்’ என்றே எழுதியிருந்தேன். ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

அன்று மாலை ஓசூருக்குப் போன் செய்து இன்ஸ்பெக்டரம்மாவிடம் சொன்னேன். மறுமுனையில் குக்கர் விசில் இரண்டு அடித்து ஓய்ந்தது.

“அத்த நான் வுட்டுட்டேனே சார்” என்றார். “எத்தினி வாட்டி வந்துதோ! கண்ணுலயே படல பாருங்க.” பிறகு கேட்டார்: “இப்ப இன்னா பேர் வெக்கப் போறீங்க?”

“அவகிட்டயே கேட்கணும்” என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலம் போக அவர் ஓசூரிலிருந்து பஸ் ஏறுவதாகச் சொன்னார்.