பொலித்தீன் சுற்றிய நோன்பு

சென்ற வருடம் திங்களும் வியாழனும் நான் பிடித்த, கட்டாயமில்லாத சுன்னத்தான நோன்புகள் அல்லாஹ்வுக்காகப் பிடித்தவையல்ல, வயிற்றுக்காகப் பிடித்தவை. எழுத்தில் ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்முனைக் கடற்கரையில் நான் கிடந்த கோலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

எல்லாம் ஒரு கல்யாண வீட்டில் தொடங்கியது. எங்கள் பகுதியில் விருந்தென்றால் சஹன்தான். பெரிய தட்டொன்றில் சோறும் கறியும் குவித்து வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவது. நான் இருந்த சஹனில் ஐந்து பேர் ஆகியிருந்தோம். ஆறாவதாக ஒருவர் இடம் தேடி வந்தார். ஆட்களை இருத்திக்கொண்டிருந்தவர் எங்கள் வட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னை மட்டும் தனியாக ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க மத்தச் சஹனுக்குப் போங்க மச்சான். இது நிறைஞ்சிட்டு" என்று வந்தவரை அனுப்பிவிட்டார்.

ஐந்து பேரோடு நிறைந்த சஹனை எங்கள் ஊர் அன்றுதான் கண்டிருக்கும். மற்ற நால்வரும் மரியாதையாகச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன்பே எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்திருந்தது. கிளினிக்கில் குளிசை தந்து, மூன்று நேரமும் அளவாகச் சாப்பிட்டு நடக்கச் சொல்லியிருந்தார்கள். இவ்வளவு சாதாரணமான ஆலோசனை என்னைப் போல நிறைய வாசிக்கிறவனுக்கு எப்படிப் பிடிக்கும்? உடல் இளைப்பதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வயிற்றைச் சுற்றிப் பொலித்தீன் கட்டிக்கொண்டு நடந்தால் கொழுப்பு உருகி வடியும் என்று கைபேசியில் ஒருவர் சொன்னார். அவர் மெலிந்தவராக இருந்தபடியால் நம்பினேன். பட்டினி கிடந்தால் இன்னும் விரைவு என்று இன்னொருவர் சொன்னார். சும்மா பட்டினி கிடந்தால் ஊர் சிரிக்கும். நோன்பென்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

கேட்கவில்லை என்பது மட்டுமல்ல, பள்ளிவாசலில் என் மதிப்பே ஏறிவிட்டது. என்னைக் கண்டால் முன் வரிசையில் விலகி இடம் தந்தார்கள். இந்த வயதில் இப்படியொரு மார்க்கப் பேணுதலா என்று ஒருவர் தன் மகனிடம் என்னைக் காட்டிச் சொன்னார். நானும் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். வீட்டில்தான் அந்த மதிப்பு எடுபடவில்லை.

"நோன்பு துறந்த கையோட மத்த மனிசர் துஆக் கேட்பாங்க. நீங்க தராசில ஏறுறீங்க" என்றாள் மனைவி.

விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு நான் நடக்கப் போகும் கடற்கரைக்கு, பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்பிலிருந்து ஒரு தம்பதியும் வருவார்கள். அந்த அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். பருத்த உடம்பு. சேலையும் சப்பாத்துமாக, கையில் குடையோடும் தோளில் ஒரு பையோடும் மெதுவாக நடப்பார். அடிக்கடி நின்று முழங்காலைத் தடவிக்கொள்வார். கணவர் பொறுமையாகக் காத்து நிற்பார். அவர்களைக் கடக்கும்போது மட்டும் என் நடை தானாக வேகம் பிடிக்கும். இந்த உடம்போடு இவர் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார் என்றுகூட நினைத்திருக்கிறேன். என் இடுப்பு அவருடையதைவிடப் பெரிது என்பது அந்த நேரம் நினைவுக்கு வருவதில்லை.

அது ஒரு வியாழக்கிழமை. விடியுமுன் சாப்பிடும் சஹருக்குச் சோறு வேண்டாமென்று, தண்ணீரோடு சீனிக் குளிசையை மட்டும் விழுங்கினேன். குளிசையும் சீனியைக் குறைக்கும், பட்டினியும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் இரட்டை இலாபம். இது நானே யோசித்துக் கண்டுபிடித்தது; எந்தப் புத்தகத்தையும் குறை சொல்ல முடியாது.

பொலித்தீனைச் சுற்றி, மேலே சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன். அக்காவையும் கணவரையும் வழக்கம்போல வேகமாகக் கடந்தேன். தோணிகள் இழுத்து வைத்திருக்கும் இடத்துக்கு வரும்போது கை நடுங்கியது. வியர்வை ஊற்றியது. கொழுப்பு உருகுகிறது என்று மகிழ்ந்தேன். அடுத்ததாகத் தோணிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பிறகு கடற்கரை மணல் எழும்பி என் முகத்துக்கு வந்தது.

கண் திறந்தபோது அந்த அக்கா பக்கத்தில் முழங்காலிட்டிருந்தார். அந்த முழங்காலோடு எப்படிக் குனிந்தாரோ.

"சீனி வருத்தமா தம்பி?"

தலையாட்டினேன். அவருக்கும் அதே வருத்தமாம். பைக்குள் எப்போதும் டொபி வைத்திருப்பாராம். ஒன்றை உரித்து என் வாயருகே கொண்டுவந்தார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு, "நோன்பு" என்றேன். தோணிக்காரர்கள் கூடிவிட்டார்கள், அவர்களுக்குள் பள்ளிவாசலில் கண்ட முகமும் ஒன்று இருந்தது. அல்லாஹ்வுக்காகப் பிடிக்காத நோன்பை அந்த முகத்துக்காக உயிரைக் கொடுத்துக் காக்கப் பார்த்தேன்.

"நோன்பப் பிறகு பாப்பம். வாயத் துறங்க."

நான் திறக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கட அல்லா கேட்டா, பாண்டிருப்புக்காரி ஒருத்தி தீத்தி விட்டவ எண்டு சொல்லுங்க. மிச்சத்த நான் கதைச்சுக்கொள்றன்."

வாய் தானாகத் திறந்தது. 

மூச்சு விடட்டும் என்று அவர் கணவர் என் சேர்ட்டுப் பட்டன்களைக் கழற்றினார். உள்ளே பொலித்தீன் சரசரத்தது. கூட்டத்தில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அப்போது அந்த அக்கா எழும்பவில்லை, யாரையும் ஏசவில்லை. குடையை விரித்து, எனக்கும் கூட்டத்துக்கும் நடுவே சரித்துப் பிடித்தார். வெயில் இன்னும் வந்திருக்கவில்லை. குடைக்குப் பின்னால் கணவர் பொலித்தீனை மெல்ல அவிழ்த்துச் சுருட்டித் தன் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இன்றுவரை அதைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்டதில்லை.

முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்கள்தான். மனைவி வந்து சேரும்வரை அந்த அக்கா இன்னொரு டொபியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். அவர் நேரத்துக்கு வாயில் எதையும் வைக்காமலிருந்தால் ஆளைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டமாக இருந்திருக்கும் என்று டொக்டர் மனைவியிடம் சொன்னாராம். என்னிடம் அவர் வேறு விதமாகச் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

நோன்போடு மயங்கி விழுந்த மனிதர் என்று பள்ளிவாசலில் என் பேர் இன்னும் உயர்ந்தது. பொறுக்க முடியாமல் மௌலவியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். சுகமில்லாதவனுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, முதலில் ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

இப்போது மூன்று நேரமும் அளவாகச் சாப்பிடுகிறேன். அந்த இருவரோடு அவர்களுடைய வேகத்திலேயே நடக்கிறேன். உடம்பு கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. கொஞ்சம் நெருங்கி இருந்தால் சஹனில் ஆறு பேருக்கும் இடமிருக்கிறது. ஆனால் கண்ணாடியின் முன் நிற்கும்போது இந்த வயிற்றின் மேல் எனக்குப் பழைய கோபமில்லை. இதை முழுதாகப் பார்த்த ஒரு மனுஷி முகம் சுளிக்காமல், மற்றவர் பார்க்காதபடி குடை பிடித்தாரே என்ற நினைப்புத்தான் வருகிறது.

சென்ற மாதம் மனைவியோடு பாண்டிருப்புக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சீனியில்லாத தேநீரைக் குடித்துக்கொண்டே, அன்றைக்கு எத்தனையோ பேர் நடக்கிற கடற்கரையில் நீங்கள் எனக்காக நின்றபடியால்தான் நான் இன்று இருக்கிறேன் என்று கண்கலங்கச் சொன்னேன்.

"நான் எங்க நிண்டன்? நீங்க பாதைக்குக் குறுக்கால கிடந்தீங்க" என்றார் அந்த அக்கா. "இந்த முழங்கால வெச்சுக்கொண்டு உங்களச் சுத்திப் போக ஏலுமா தம்பி?"