ஸ்டெரான்கோவின் வலது கை

காபிக் கோப்பை முன்னால் வந்ததும் ஆர்வில் ஸ்டெரான்கோ குடிப்பதில்லை. முதலில் முகர்கிறார். பிறகு கரண்டியை அடிவரை விட்டுக் கிளறி, ஏதாவது மிதந்து வருகிறதா என்று உற்றுப் பார்க்கிறார். வில்லோ பெண்ட் என்ற அந்தச் சிற்றூரில் இருப்பதே ஒரு சாப்பாட்டுக் கடை. அதை நடத்தும் ட்ரூடி அவருடைய மனைவியின் கூடப்பிறந்த தங்கை.

"இன்னைக்கு விஷம் போடல அத்தான், தீந்துபோச்சு" என்பாள்.

"நீ சொல்றதாலதான் சந்தேகமே" என்பார் இவர்.

சந்தேகம் அவருக்குச் சோறு போட்ட தொழில். தலை நரைக்கும்வரை ரயிலடித் தானியக் கிடங்கில் கோதுமைக்குத் தரம் பார்த்தவர். லாரியின் மேல்பரப்பில் பளபளக்கும் மணிகளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. நீளக் குழாயை அடிவரை இறக்கி, அங்கிருந்து வருவதை உள்ளங்கையில் கொட்டி முகர்வார். பூஞ்சை வாடை அடித்தால் கையைக் கால்சட்டையில் துடைப்பார். லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். துடைக்காமல் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டால் சரக்கு தேறிவிட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். விவசாயிகள் அவர் முகத்தை விட்டுவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஓய்வு பெற்றவரை ஊர் சும்மா விடவில்லை, பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தது. இந்தக் குளிர்காலத்தில் அவர் கண்ணில் மாட்டியது நடன வகுப்பு. நொரீன் பெலாங்கர் என்ற ஆசிரியை புதன்தோறும் உடற்பயிற்சிக் கூடத்தில், கனடாவின் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான தன் மேட்டி மக்களின் ஜிக் என்ற காலடி ஆட்டத்தை, ஃபிடில் என்ற நாட்டுப்புற வயலின் இசைக்குச் சொல்லித்தருகிறாள். அந்த நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறது குழுவில் பாதி. கூடாது என்கிறது மறுபாதி. ஸ்டெரான்கோ எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதுதான் முடிவு. வகுப்பு போனால் நொரீனின் வேலையும் போகும்.

"கிறிஸ்துமஸ் விழாவுல புள்ளைங்க நல்லாத்தானே ஆடுச்சுங்க?" என்று ட்ரூடி கேட்டாள்.

"விழாங்கறது லாரியோட மேல்மணி. ஆடத் தெரிஞ்சதுகள முன்னால நிறுத்திட்டா ஆச்சு. அடியில என்ன கெடக்குன்னு யாரு பாத்தா?"

முடிவெடுக்கக் குழு மாலையில் கூடவிருந்த புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வகுப்பில் போய் நின்றார். பனிக்காலணியை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடந்தார். பிள்ளைகளும் காலுறையோடுதான் நின்றார்கள்.

"கடைசி வரிசைய முன்னால கொண்டா" என்றார்.

நொரீன் எல்லாரையும் அப்படியே திரும்பி நிற்கச் சொன்னாள். கடைசி வரிசை முதல் வரிசையாயிற்று. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. ஏதோ ஏற்பாடு இருக்கிறது.

இசை தொடங்கியது. எல்லாரும் வலப்பக்கம் திரும்ப, ஷெல்பி என்ற சிறுமி மட்டும் இடப்பக்கம் திரும்பினாள். பக்கத்தில் ஆடிய பெண், ஆட்டத்தை நிறுத்தாமலே, அவள் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. ஷெல்பியும் கூச்சப்படாமல் அடுத்த சுற்றில் மறுபடி தப்பாகத் திரும்பினாள்.

பாட்டு முடிந்ததும் அந்தப் பக்கத்துப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். "உன்னை யாரு அப்படித் திருப்பச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். அவ தப்பாப் போனா எல்லாரும்தானே முட்டிக்குவோம்?"

"அப்போ கணக்குல தப்புப் போட்டாலும் சொல்லிக்குடுப்பியோ?"

"ஐயோ, அது காப்பியடிக்கிறது சார்!"

அவர் நொரீன் பக்கம் திரும்பினார். "எல்லாம் பழக்கி வெச்சிருக்க."

"நீங்க வர்றதே எனக்குத் தெரியாதே!" என்றாள் அவள். "சின்ன வயசுல எங்கப்பா லாரியில உக்காந்து உங்க கையையே பாத்துட்டு இருப்பேன். சந்தேகமா இருந்தா, அதே மாதிரி குழாய எறக்கிப் பாத்துடுங்க."

பார்த்துவிட்டார். கோட்டோடு, இடுப்பு வலியோடு, வரிசைக்குள் போய் நின்றார். இசை வந்ததும் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் திரும்பினார்.

ஒரு சின்னக் கை அவர் வலது கையைப் பற்றி இழுத்தது. ஷெல்பி!

"இந்தப் பக்கம், இந்தப் பக்கம்! நானும் இங்கதான் தப்புப் பண்ணுவேன்."

சட்டென்று நொரீனைப் பார்த்தார், சைகை காட்டினாளோ என்று. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டின் ஒலியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கோபம் வந்தது. அடிவரை இறக்கியும் பூஞ்சை அகப்படாத கோபம். இன்னொரு முறை வேண்டுமென்றே தப்புச் செய்து பார்த்தார். அதே கை, அதே இழுப்பு.

பாட்டு நின்றதும் வாசலுக்குப் போய்க் காலணியை மாட்டினார். நொரீன் பின்னாலேயே வந்து நின்றாள். அவர் உள்ளங்கை ஷெல்பியின் வியர்வையில் பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஆரஞ்சுத் தோல் வாடை.

கை கால்சட்டையை நோக்கி இறங்கியது. நொரீன் அந்தக் கையையே பார்த்தாள். துணியைத் தொடும் தூரத்தில் அது சற்று நின்றது. பிறகு, துடைக்காமலே, கோட்டுப் பைக்குள் போயிற்று.