மதிலுக்கு வெளியே வீசிய பொடுதலை

என் கணவருக்குப் புல்தரை என்றால் ஒரு பித்து. சிதம்பரத்தில் வேலை பார்த்தபோது யாரோ ஓர் அதிகாரியின் பங்களா வாசலில் அதைப் பார்த்தாராம். திருப்பாதிரிப்புலியூருக்கு ரயிலில் திரும்பும் நேரமெல்லாம் அதே நினைப்பு. தேவனாம்பட்டினம் போகிற வழியில் நாங்கள் வீடு கட்டியபோது, என் சமையலறைக்கு அலமாரி வருவதற்கு முன்பே வாசலுக்குப் புல் வந்துவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

புல்லுக்கு நடுவே பொடுதலை தலைநீட்டினால் அவருக்குப் பொறுக்காது. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச ஊரே தேடுகிற கொடி அது. அவருக்கு வெறும் களை. வேரோடு பிடுங்கி மதிலுக்கு வெளியே வீசிவிடுவார்.

பக்கவாதம் வந்து அவருடைய இடது கால் இழுக்க ஆரம்பித்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். "தெருவுல கொஞ்ச தூரம் போய்ட்டு வாங்களேன்" என்றால், "கால இழுத்துக்கிட்டுப் போறத நாலு பேரு பாக்கணுமா?" என்பார். செருப்பில்லாமல் புல்லில் மட்டும் நடப்பார். அந்த மட்டும் நடக்கிறாரே என்று இருந்தேன்.

போன கோடையில் எங்கள் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. புல் கருகிக் காலில் குத்தியது. அவர் நடப்பதை விட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். கால் நாளுக்கு நாள் இறுகியது. இனி எழுந்திருக்கவே மாட்டாரோ என்று பயந்துபோனேன்.

ஒரு நாள் காலையில் குப்பை போடப் போனவள் மதிலோரம் பார்த்தேன். அவர் வீசியதெல்லாம் வேர்விட்டுப் பச்சைப்பசேலென்று படர்ந்து கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. கூடை கூடையாகப் பெயர்த்து வந்து வாசலில் நட்டேன். குழாயடியில் கொஞ்சம் வல்லாரையும் வைத்தேன்.

"களையக் கொண்டாந்து நடுறியே" என்றார் ஜன்னல் வழியாக.

"களையாவது உயிரோட இருக்குதே" என்றேன்.

மழைக்காலம் முடிவதற்குள் கொடிகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. ஒரு நாள் அவர் வந்து காலை வைத்துப் பார்த்தார். மறுநாளும் வந்தார்.

பூ விட்ட பிறகு, எதிர் வரிசையில் நான்கு வீடு தள்ளி இருக்கும் பெண் கேட்டருகே வந்து நின்றாள். "மாமா, பொடுதலை கொஞ்சம் குடுக்குறீங்களா? பாப்பாவுக்குப் பொடுகு ஜாஸ்தியா இருக்கு." அவர் குனிந்து பறிக்க ஆரம்பித்தார். அதற்குள், "அடுப்புல பால் இருக்கு மாமா, அப்புறம் வந்து வாங்கிக்கறேன்" என்று அவள் ஓடிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நான் வாசலுக்கு வந்தால் ஆளைக் காணோம். கேட் திறந்து கிடந்தது. கை நிறையப் பொடுதலையோடு, செருப்புகூடப் போடாமல், காலை இழுத்து இழுத்து அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நல்ல வெயில். தெருவில் நாலு பேர் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூப்பிடாமல் உள்ளே போய்விட்டேன்.