ஒரே திகதியில் பிறந்த இருவர்

"பெப்ரவரி 18, செவ்வாய். வெளியே பனி. மச்சானுக்கு இரண்டு மணிக்கு நேர்முகம். வீட்டில் சத்தம் கூடாது."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான். மிச்சத்தை இரவு எழுதலாம் என்று விட்டேன். எழுதவில்லை.

மச்சான் என் மனைவியின் தம்பி. மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறார். கோடையில் அவருடைய மென்பொருள் வேலை போனது. அவர் பதிவுத் திருமணம் செய்த பெண் யாழ்ப்பாணத்தில் காத்திருந்தார்; வேலை இல்லாமல் அந்தப் பெண்ணைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற அலுவல் நகராது. அதனால் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருக்கும் ஒரு நிதி நிறுவனத்தின் நேர்முகத்துக்காக வாரக்கணக்காகப் புதிர்கள் படித்தார். நாணயம், பகடை, பிறகு பிறந்தநாள் புதிர்: ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தால், இருவருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்குமேல் வாய்ப்பு? விடை இருபத்துமூன்று.

"உனக்கு ஏன்டா இருபத்துமூண்டு பேர்? நீ ஒராளே ரெண்டு பிறந்தநாள் வைச்சிருக்கிறாய்," என்றாள் மனைவி.

"அக்கா, தேத்தண்ணியை வைச்சிட்டுப் போங்கோ."

அவள் சொன்னது உண்மை. மச்சான் இந்த நாட்டுக்கு வந்தது இன்னொருவரின் கடவுச்சீட்டில். ஏஜென்சிக்காரன் படத்தை மாற்றவில்லை. முகச்சாயல் ஒத்த ஒருவரின் கடவுச்சீட்டையே தேடிப் பிடித்துக் கொடுத்தான். கொழும்பு லொட்ஜ் ஒன்றில் தங்கி, கடவுச்சீட்டிலிருந்த பெயரையும் பிறந்த திகதியையும் மச்சான் உருப்போட்டார். மொன்றியல் விமான நிலையத்தில் அகதி என்று சொன்னபோது சொந்தப் பெயர்தான் வந்தது. திகதியைக் கேட்டபோது உருப்போட்டது வாயில் வந்துவிட்டது. திருத்தப் பயந்தார். இன்றுவரை எல்லா அட்டைகளிலும் அந்த ஆளின் திகதிதான். எதையும் திகதியோடு எழுதுகிற நான், அதை மட்டும் இங்கே எழுதவில்லை.

அன்று பேஸ்மென்ட் கதவு சாத்தியிருக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலோடு படியிறங்கியவன் பாதியில் நின்றுவிட்டேன். கணினித் திரையில் இரண்டு சதுரங்கள். இரண்டிலும் மச்சான். ஒன்று பேசியது, மற்றது கேட்டுக்கொண்டிருந்தது. பேசியவர் கண்ணாடி போட்டிருந்தார். அதன்பிறகுதான் அவர் நேர்முகம் எடுப்பவர் என்று விளங்கியது.

அவர்கள் ஆங்கிலத்தில் கதைத்தார்கள். பிறந்தநாள் புதிரை அவர் கேட்டார், மச்சான் சரியாகச் சொன்னார்.

"நல்லது. இப்போது அறையில் நீங்களும் நானும் மட்டும். வாய்ப்பு எவ்வளவு?"

"முந்நூற்று அறுபத்தைந்தில் ஒன்று."

"சோதித்துப் பார்ப்போம். நான் முதலில் சொல்கிறேன்." அவர் நாளையும் மாதத்தையும் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, யாரும் கேட்காமலே, வருடத்தையும் சொன்னார்.

மச்சானின் கழுத்து அசையவில்லை. "என்னுடையதும் அதுதான்," என்றார்.

அவர் வியப்படையவில்லை. "விடையில் ஒரு சிறு பிழை. நம் இருவரின் திகதிகளும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொண்டீர்கள்."

திரை அணைந்த பிறகும் மச்சான் எழும்பவில்லை.

"பாத்தனீங்களோ அத்தான்?"

"ஓம்."

வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது: அடுத்த சுற்றுக்கு நேரில் வரவும், அடையாள அட்டை கொண்டுவரவும். மச்சான் போகமாட்டேன் என்றார். "அட்டையைக் காட்டினால் பிடிச்சுக் குடுத்திடுவான் அக்கா. வேலை மட்டுமில்லை, எல்லாம் போயிடும்."

"அப்ப பயந்து இஞ்சையே ஒளிச்சிரு. அந்தப் பிள்ளையை அங்க கிழவியாகச் சொல்லி நான் போன் பண்ணிறன்."

போனார். மஞ்சள் தடத்து மெட்ரோவில் நானும் கூடப் போய், கீழே வரவேற்பறையில் இருந்தேன். ஆற்றுக்குக் கீழே ரயில் ஓடும்போது ஜன்னல் கண்ணாடியில் தன் முகம் தெரிந்ததும் அவர் இடம் மாறி இருந்ததைக் கவனித்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து இறங்கி வந்தார். மேலே பேசியது இரண்டு பெண்கள். வேலை கிடைத்துவிட்டது.

"அந்தாள்?"

"கேட்டனான். முதல் சுற்றுச் செய்யிறவர் வெளியாளாம். இஞ்ச வாறேல்லையாம்."

"அட்டையைப் பாத்தவையோ?"

"நீட்டினன். வேண்டாம் எண்டிட்டினம். என்ரை ஆளடையாளத்தை அவரே உறுதிப்படுத்திட்டார் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறாராம்."



மச்சான் தன் மனைவியைக் கூப்பிடும் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். அதிலும் அதே திகதிதான். அன்று திரையில் அந்த மனிதரின் முகத்துக்குக் கீழே பெயர் இருந்தது. படியில் நின்ற எனக்கு அது வாசிக்கிற தூரத்தில் இல்லை. மச்சான் வாசித்திருப்பார். கடவுச்சீட்டில் இருந்த பெயரைக் கேட்டால், மறந்துபோச்சு என்கிறார். இரண்டும் ஒரே பெயர்தானா என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.