மணி அடிப்பவருக்கு ஒரு வரி

சுனாமி கடலோரத்தை அள்ளிக்கொண்டு போன பிறகுதான் எங்கள் மலையோரத்துக்கும் பேரிடர் பயிற்சி என்று ஒன்று வந்தது. குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் ஊர். மழையில் மலைமண் எப்படி இளகி இறங்கும் என்று அதிகாரிகள் படம் போட்டுக் காட்டினார்கள். பள்ளிக்கூட டீச்சர் என்பதால் என்னை எச்சரிக்கைக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கினார்கள். பட்டியல் போடுவது எனக்குப் பிடிக்கும். மற்றவர்கள் அதன்படி நடப்பதைப் பார்ப்பது இன்னும் பிடிக்கும்.

எங்கள் பக்கம் ஓடையைத் தோடு என்போம். தோட்டின் கரையில், தாழ்வில், சர்ச். அதற்கு மேலே கரையோரமாக ஒன்பது வீடுகள். எல்லாவற்றுக்கும் உயரத்தில், பாறைமேல் பள்ளிக்கூடம். ஆபத்து என்றால் சர்ச் மணியை நிறுத்தாமல் அடிக்க வேண்டும், ஒன்பது வீட்டாரும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும். இதை நானே நோட்டில் எழுதினேன். மணி அடிக்கும் அண்ணன், ஐம்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை, கூட்டத்தில் எழுந்து கேட்டார்.

"எல்லாரும் மேல போயிருவாவ. அப்போ நான் எப்பம் போவணும் டீச்சரே?"

"நீங்க எதுக்கு அண்ணே பயப்படுதிய? முதல் ஆளா ஓடிருவிய" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நான் எதையும் எழுதவில்லை.

ஒத்திகை நல்ல வெயில் நாளில் நடந்தது. மணி கடகடவென்று அடித்தது, ஊர் பள்ளிக்கூடத்துக்கு ஏறி டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு இறங்கியது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. காலை பத்து மணிக்கே அந்தி மாதிரி இருட்டு. பள்ளிக்கு விடுமுறை. நான் பள்ளிக்கூடத்தை ஒட்டிய என் வீட்டில் கஞ்சிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று சரியில்லை என்று மட்டும் தோன்றியது. என்ன என்று பிடிபடச் சற்று நேரம் ஆனது. மூன்று நாளாகக் காதை அடைத்துக்கொண்டிருந்த தோட்டின் இரைச்சல் இல்லை. மழை அப்படியே கொட்டிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தோட்டில் தண்ணீர் இல்லை. பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன. நடுவில் ஒரு மீன் துடித்துக்கொண்டிருந்தது. மழை பெய்யும்போது ஓடை வற்றினால் மேலே மண் சரிந்து தண்ணீரை அடைத்திருக்கிறது, அது உடைத்துக்கொண்டு வரும் என்று பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது.

சர்ச்சுக்கு ஓடினேன். அண்ணன் அங்கேதான் இருந்தார். சொன்னதும் கயிற்றைப் பிடித்தார். மூன்று நாள் ஒழுகலில் கயிறு ஊறிப் பருத்து உருளையில் சிக்கியது. முழு பலத்தோடு இழுத்தால் ஒரு அடி. பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று.

எங்கள் ஊரில் அப்படி விட்டு விட்டு அடித்தால் சாவு. வீட்டுக்கு ஒருவர் சர்ச்சுக்கு வந்து யார் என்று கேட்டுப் போவது வழக்கம். நான் அதை மறந்தே போனேன்.

மழைக்குள் கறுப்புக் குடைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்தன. சாவுக்கு வருகிற முகத்தோடு வந்து வாசலில் நின்றார்கள். எட்டுக் குடைகள்.

"யாரு டீச்சரே மரிச்சது?"

பின்னால் மணி இன்னொரு அடி அடித்தது. யாருக்காக அடிக்கிறது என்று எனக்கே ஒரு கணம் தெரியாமல் போனது. பிறகு கத்தினேன்.

"ஒருத்தரும் மரிக்கேல! தோட்டப் பாருங்க! வீட்டுல உள்ளவங்களக் கூட்டிட்டு மேல ஓடுங்க!"

அவர்கள் திரும்பி ஓடினார்கள். நானும் கூட ஓடினேன். போகிற போக்கில் அண்ணனிடம், "நிறுத்தாதீங்க, அடிச்சிட்டே இருங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

கிழவர்களையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஏறினோம். பள்ளிக்கூட வராந்தாவில் ஒன்பதாவது வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் பால் வெட்டும் குடும்பம், சர்ச்சில் சேராதவர்கள். எந்த அடிக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாது. மணி கேட்டது, ஏறிவிட்டார்கள்.

தலை எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள். கீழே மணி அடித்துக்கொண்டிருந்தது. கயிறு இளகியிருக்க வேண்டும், இப்போது நிறுத்தாமல் கடகடவென்று, நோட்டில் நான் எழுதியபடியே அடித்தது. அப்போதுதான் என் எண்ணிக்கையில் யார் இல்லை என்று உறைத்தது. "அண்ணே, வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மழையில் எனக்கே கேட்கவில்லை. இறங்க ஓடிய என்னை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

மலையிலிருந்து இரைச்சல் வந்தது. மரங்கள் நின்ற வாக்கிலேயே நகர்ந்து போனதைப் பார்த்தோம். ஒன்பது வீடுகளும் போயின. மணி நின்றது. பிறகு மறுபடியும் அடித்தது. மூன்று அடியோ நான்கோ, தாறுமாறாக. அது கை அடித்த அடி இல்லை, கயிற்றை வெள்ளம் இழுத்திருக்கிறது. வராந்தாவில் ஒருத்தி, "உயிரோட இருக்காரு!" என்றாள். நான் அவளை மறுக்கவில்லை.

அவரை மூன்றாம் நாள் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். அடக்கத்துக்கு அடிக்க மணி இல்லை. கேட்க வீட்டுக்கு ஒருவர் வரவும் தேவையிருக்கவில்லை. எல்லோரும் அங்கேயே நின்றிருந்தோம்.

புது மணி பள்ளிக்கூடப் பாறைமேல் இருக்கிறது. நோட்டும் புதிது. அதில் முதல் வரி: மணி அடிப்பவர் முப்பது அடி அடித்ததும் கயிற்றை விட்டுவிட்டு ஓட வேண்டும். அதை எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.