அந்த மூலையில் காந்தம் இல்லை

வீட்டில் ஒரு சின்னப் பொருள் காணாமல் போனால் எவ்வளவு நேரம் தேடுவீர்கள்? சேப்டி பின் என்றால் தேடவே மாட்டோம். கம்மல் திருகாணி என்றால் கட்டிலை நகர்த்திவிட்டுத் தேடுவோம். சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு காந்தம் காணோம்... அன்றைக்கென்று பார்த்து ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று வந்து விளையாடிவிட்டுப் போயிருக்கிறது என்றால்?

எங்கள் வீட்டில் சமீபத்தில் நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டேன். "எழுதுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் மனைவி ரெஜினா ஆரி ஒர்க் செய்கிறாள். கல்யாண பிளவுஸ், முதல் முறை நற்கருணை வாங்கும் பங்குக் கோயில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை முக்காடு, பூ கிரீடம் — எல்லாம் செய்வாள். நாமக்கல்லில் நாங்கள் இருப்பது சின்ன வாடகை வீடு. ஹால்தான் அவளுக்குப் பட்டறை. எனக்கு எழுதும் அறையும் அதுதான், சாப்பிடும் இடமும் அதுதான். பாசிமணி, சமிக்கி, குந்தன் கல், ஜரிகை நூல், ஊசி... காலடியில் எப்போதும் ஏதாவது ஒன்று நறநறக்கும். ஒரு நாள் உப்புமாவில் கடுகென்று நினைத்துப் பாசிமணியைக் கடித்துவிட்டேன். பல் தப்பித்தது.

அதற்குத்தான் ரெஜினா அந்த பெஞ்சைச் செய்தாள். டிவியைச் சுவரில் மாட்டிய பிறகு பழைய ஸ்டாண்ட் சும்மா கிடந்தது. அதன் மேலே ஸ்பாஞ்ச் வைத்து, இளம்பிள்ளைச் சேலை ஒன்றை வெட்டி உறை தைத்தாள். முன்பக்கத்துக்கு ஒரு பலகை. அதன்மேல் துணி ஒட்டி, மயில் ஒன்றை ஆரி ஒர்க்கிலேயே போட்டாள். கைப்பிடி கிடையாது. கீல் கிடையாது. பலகையின் நாலு மூலையிலும் குட்டிக் காந்தம், சட்டத்தில் அதற்கு நேராக இன்னொரு காந்தம். க்ளூ கன்னால் ஒட்டியிருந்தாள். பலகையைக் கிட்டே கொண்டுபோனால் 'டக்' என்று தானே போய் ஒட்டிக்கொள்ளும்.

பார்க்கிறவர்களுக்கு அது இரண்டு பேர் உட்காரும் அழகான இருக்கை. உள்ளே ஒரு கடையே இருந்தது. ஹால் ஹாலாக மாறியது. நானும் உப்புமாவை நம்பிச் சாப்பிட ஆரம்பித்தேன்.

பரமத்தி வேலூரிலிருந்து சௌமியா வந்தாள். அவள் தம்பிக்குக் கல்யாணம், அதற்கு பிளவுஸ் கொடுத்திருந்தாள். வாங்கிப்போக வந்தவள் மகள் யாழினியையும் இடுப்பில் தூக்கிவந்திருந்தாள்.

"எங்க அத்தை புள்ளைய ஊட்டுல உட்டுட்டுப் போன்னுதான் சொன்னாங்கக்கா. அழுதாளா, தூக்கிட்டு வந்துட்டேன்" என்றாள்.

யாழினிக்கு அந்த மயிலைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. மயிலை இழுத்தாள்; பலகை கையோடு வந்தது. விட்டாள், 'டக்'. அவள் சிரித்த சிரிப்பில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இழுப்பதும் விடுவதும் சிரிப்பதுமாக இருந்தாள். டப்பாக்களையெல்லாம் எட்டாத உயரத்துக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் ரெஜினா அவளை விளையாட விட்டாள். மணி ஒன்றுகூடக் கீழே இல்லை. எவ்வளவு கவனம் பார்த்தீர்களா? போனில் வீடியோவும் எடுத்தாள்.

சௌமியா பிளவுஸைப் போட்டுப் பார்த்தாள், காபி குடித்தாள், "போய்ட்டு வாரேனுங்க அண்ணா" என்று கிளம்பினாள். ரெஜினா கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

டப்பாக்களைத் திரும்ப அடுக்கிவிட்டு ரெஜினா பலகையை மூடினாள். மூன்று மூலை ஒட்டியது. இடது பக்கக் கீழ் மூலை மட்டும் இளித்துக்கொண்டு நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். பலகையிலும் காந்தம் இல்லை, சட்டத்திலும் இல்லை. இரண்டு இடத்திலும் காய்ந்த பசையின் வட்டம் மட்டும் இருந்தது.

"ஏங்க, இங்க ஒட்டியிருந்த காந்தத்தை நீங்க எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு எடுக்கிறேன்?"

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருக்குமே புரிந்துவிட்டது.

காந்தம் வந்த டப்பாவை ரெஜினா தேடி எடுத்தாள். அதன் பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. கண்ணாடி போட்டுக்கொண்டு நான்தான் படித்தேன். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலுக்குள்ளேயே ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிக்குமாம். நடுவில் மாட்டிய குடல் ஓட்டையாகிவிடுமாம். உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருந்தது.

வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். மயிலை இழுக்கிறாள், விடுகிறாள், சிரிக்கிறாள். கடைசியில் அந்த மூலையில் எதையோ நோண்டுகிறாள். மூடிய கை முகத்துக்குப் பக்கத்தில் வருகிறது... வீடியோ முடிந்துவிட்டது.

"முதல்ல நல்லாத் தேடிடுவோம்" என்றேன் நான். "கத்தரிக்கோல்ல ஒட்டிக்கிட்டு இருக்கலாம். மிஷின் கால்ல இருக்கலாம். தெரியாம போன் பண்ணி அந்தப் பொண்ண பயமுறுத்தி..."

"தேடறத நீங்க தேடுங்க. நான் போன் பண்றேன்."

பண்ணினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருக்கும். போன் கைப்பைக்குள் கிடக்கும். நான் டார்ச்சோடு தரையில் படுத்துத் தையல் மிஷினின் இரும்புக் கால்களைத் தடவிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல், ஊசி டப்பா, பீரோவின் அடிப்பாகம் — இரும்பு எதையும் விடவில்லை. எதிலும் இல்லை.

"அவங்க மாமியார் நம்பர் இருக்கு" என்றாள் ரெஜினா. அளவு பிளவுஸ் அனுப்பும்போது அந்த அம்மா பேசியிருக்கிறார். பெயர் பழனியம்மாள். வெற்றிலைத் தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். கறாரான பேச்சு.

"வேண்டாம் ரெஜி. புள்ளைய விட்டுட்டுப் போன்னு சொன்னவங்க அவங்க. இதச் சொன்னா அந்தப் பொண்ணுக்கு வீட்ல பெரிய சண்டை ஆயிடும்."

"சண்டை வந்தா பேசி சரி பண்ணிக்கலாம்" என்றாள். அவள் விரல் ஏற்கெனவே அழுத்திவிட்டிருந்தது.

ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். 'என் வீட்டில், நான் ஒட்டிய காந்தம், முழுங்கியிருக்கலாம், நிச்சயமாகத் தெரியாது' என்றாள். கூப்பாட்டுக்கு நான் தயாராகிக்கொண்டிருந்தேன்.

"எந்த பஸ்சுல ஏறுனாங்க அம்மணி?"

ரெஜினா சொன்னாள்.

"செரி. நா ஸ்டாண்டுல போய் நிக்கறேனுங்க. காரு சொல்லிக் கூட்டியாறேன். நீங்க ஆஸ்பத்திரில சொல்லி வைங்க."

அவ்வளவுதான். போன் கட்டாகிவிட்டது.

நாமக்கல்லில் குழந்தை மருத்துவமனை ஒன்றுக்குப் போன் செய்தோம். வரும் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம் என்றார்கள். ரெஜினா அதை மாமியாருக்குச் சொன்னாள். பிறகு நாங்கள் போய் மருத்துவமனை வாசலில் நின்றோம். பரமத்தி ரோட்டிலிருந்து வரும் ஒவ்வொரு காரையும் பார்த்தோம். எத்தனை வெள்ளைக் கார்கள் இந்த ஊரில்... ஒவ்வொன்றும் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது.

நின்றபடியே ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ரெஜினா, "குழந்தை வாந்தி எடுத்திருப்பாளோ?" என்பாள். நான் "இல்ல" என்பேன். எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் சொன்னேன்.

கார் வந்தது. யாழினி பாட்டியின் தோளில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். வலி இல்லை, பசி. வழியெல்லாம் பிஸ்கட் கேட்டு அழுதிருக்கிறாள். சௌமியா மனம் கேட்காமல் ஒன்றே ஒன்று கொடுக்கலாம் என்று கெஞ்சியிருக்கிறாள். பழனியம்மாள் பாக்கெட்டைப் பிடுங்கி டிரைவரிடம் கொடுத்துவிட்டாராம். பிளவுஸ் இருந்த பையைச் சௌமியா நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். அது கையில் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்பக்கமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. டாக்டர் இளம் பெண். படத்தைத் திரையில் காட்டினார்.

இருந்தது.

சின்னஞ்சிறு விலா எலும்புகளுக்குக் கீழே, பளிச்சென்று வெள்ளையாக ஒரு வட்டம். பக்கவாட்டுப் படத்தில் பார்த்தால் இரண்டு தகடுகள், ஒன்றோடொன்று ஒட்டியபடி.

இதைப் படிக்கும் உங்களுக்கு எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. எனக்கு, 'முதல்ல தேடிடுவோம்' என்று நான் சொன்னது காதுக்குள் கேட்டது. வீட்டுத் தரையில் எத்தனை மணி நேரம் டார்ச் அடித்திருந்தாலும் கிடைத்திருக்காத பொருள், இதோ இங்கே இருக்கிறது.

"ரெண்டும் சேர்ந்தே உள்ள போயிருக்கு, இன்னும் வயித்துலதான் இருக்கு. அது நல்லது" என்றார் டாக்டர். "குடலுக்கு இறங்கறதுக்குள்ள எடுத்துடணும். சேலத்துல வாய் வழியா குழாய் விட்டு எடுப்பாங்க. இப்பவே கிளம்புங்க. நான் பேசிடறேன்."

சேலத்துக்கு எல்லோரும் ஒரே காரில் போனோம். அழுது களைத்து யாழினி தூங்கிவிட்டாள். அவள் வயிறு ஏறி இறங்குவதையே ரெஜினா பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் கார் குலுங்கியது. குலுங்கினால் இறங்கிவிடுமோ? அப்படியெல்லாம் இறங்குமா என்று டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சேலம் மருத்துவமனையில் மயக்கம் கொடுக்கும் டாக்டர் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனார். கதவு மூடியது. சௌமியா அப்போதுதான் உடைந்து அழுதாள். ரெஜினா அவள் பக்கத்தில் போகத் தயங்கி, சுவரோரமாக நின்றாள். பிறகு நேராகப் பழனியம்மாளிடம் போனாள்.

"அம்மா, என் வீட்லதான் நடந்தது. நான் ஒட்டினது சரியில்ல. என்னை மன்னிச்சிருங்க."

பழனியம்மாள் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மன்னிக்கறதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் அம்மணி. போன் பண்ணுனீங்கல்ல. நீங்க பண்ணாம இருந்திருந்தா, புள்ளைக்கு வயித்துவலின்னு நா வசம்பு ஒரசி ஊத்திக்கிட்டு ஊட்டுல உக்காந்திருப்பேனுங்க."

அப்படி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

கதவு திறந்தது. நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே இரண்டு காந்தம், இன்னமும் ஒட்டிக்கொண்டு. குழந்தை நன்றாக இருக்கிறாள், வயிற்றில் புண் எதுவும் இல்லை, ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றார். சௌமியா உள்ளே ஓடினாள். பழனியம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. 'இப்பவே சொல்லி எதுக்குப் பயமுறுத்தணும்?' ஆஸ்பத்திரி விஷயம், பிள்ளைகளின் விஷயம், எல்லாவற்றிலும் இதைச் சொல்கிறோம். எதிராளிமேல் உள்ள அக்கறை மாதிரிதான் தெரியும். கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால், பயப்படுவது அவர்கள் இல்லை... நாம்தான். திட்டு வாங்க பயம். ஒன்றும் இல்லாததற்கு ஊரைக் கூட்டினாய் என்று சிரிப்பார்களோ என்று பயம். ரெஜினாவுக்கும் அந்தப் பயமெல்லாம் இருந்தது. அதை வைத்துக்கொண்டே போனை எடுத்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வந்ததும் மீதிக் காந்தங்களை எல்லாம் அவள் நெம்பி எடுத்துவிட்டாள். சில நாள் ஊசியையே தொடவில்லை. நான் ஹார்டுவேர் கடைக்குப் போய்க் கீலும் ஓர் இரும்புத் தாழ்ப்பாளும் வாங்கிவந்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். தாழ்ப்பாள் மயிலின் கழுத்துக்கு நேராக வந்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

தம்பி கல்யாணத்துக்கு முன்னால் சௌமியா போன் செய்தாள். பிளவுஸ் கை கொஞ்சம் லூஸாக இருக்கிறதாம், பிடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். வருவாள் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. வந்தாள். கூடவே பழனியம்மாள், அவர் இடுப்பில் யாழினி.

ரெஜினா அன்று காலையிலிருந்து ஹாலை எத்தனை தடவை பெருக்கியிருப்பாள் என்று தெரியாது. பழனியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டார். யாழினி மயிலைப் பார்த்துவிட்டுத் துள்ளினாள்; பாட்டி விடவில்லை. மரியாதையாகப் பேசினார், வெற்றிலை விலை சொன்னார், குழந்தையை மட்டும் கீழே விடவில்லை. ரெஜினா தைத்துக்கொண்டே அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி விடுவார்? நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குழந்தையோடு எழுந்து பெஞ்சு பக்கம் போனார். குனிந்து தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டினார். இன்னும் ஒரு தடவை, பலமாக. பலகையின் நாலு மூலையையும் விரலால் தடவினார். ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

பிறகு குழந்தையை இறக்கிவிட்டார்.

"போ சாமி, வெளையாடு."

ரெஜினா சட்டென்று எழுந்து, காபி போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போனாள். அந்தக் காபி வர வெகு நேரம் ஆயிற்று. வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன, காபியில் சர்க்கரை இல்லை.

நாங்கள் யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை. எதையாவது சொல்லாமல் விடலாம் என்றால், அந்த மாதிரி விஷயங்களை மட்டும் விடலாம்.