சவரிராஜ் உட்காரும் விதம்

சைபுல்லாவின் கையில் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். சத்தம் நிறைவாக வந்தால் நல்ல வேலை. பொத்தென்று கேட்டால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது என்று அர்த்தம். கல்யாணமான மறுநாளே மாமனார் வீட்டு மாடியில் ஏறித் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்து, "இது ரெண்டு வருசம் தாங்காது மாமா" என்று சொன்ன மனிதர் அவர். மாமனாருக்கு முகம் சுண்டிப்போனது. ஒன்றரை வருடத்தில் தொட்டி பிளந்தபோது அவருக்கு இன்னும் கோபம் வந்தது. வேலை தெரிந்தவனை யாருக்குத்தான் பிடிக்கிறது!

முத்துப்பேட்டை காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேலே பூதலூர்ப் பக்கம் வாய்க்கால் நிரம்பி ஓடும் நாளில் இங்கே வாய்க்காலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். சைபுல்லாவின் அத்தா குத்தகைக்கு உழுத நிலம் இரண்டு போகம் தொடர்ந்து காய்ந்தது. பிறகு நிலத்துக்காரர் அதை இறால் குட்டைக்குக் கொடுத்துவிட்டார். தொண்ணூற்று மூன்றில் சைபுல்லா சார்ஜாவுக்குப் போய் ஒரு படகுப் பட்டறையில் சேர்ந்தார். பஞ்சுப் பாய் மாதிரி இருக்கும் ஃபைபர் விரிப்பை அச்சின் மேல் போட்டு, ரெசின் என்கிற பிசினை ஊற்றி, உருளையால் காற்றை விரட்டி விரட்டிப் படிய வைப்பதுதான் வேலை. அந்தத் தூசி தோலில் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும். பத்தொன்பது வருடம் அரித்தது. அவர் கை பட்ட படகு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்று அங்கே பேச்சு. ஆனாலும் எஞ்சினியர் வரைவார், ஃபோர்மேன் அளப்பார், சைபுல்லா ஒட்டுவார். சொந்தமாக ஒரு கோடு கிழிக்க அங்கே யாரும் அவரை விட்டதில்லை.

பட்டறையில் ஒரு மஞ்சள் கயாக் கிடந்தது. ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போட்டு மீன் பிடிக்கிற நீளமான பிளாஸ்டிக் படகு. பழுதுக்கு விட்டுப்போன வெள்ளைக்காரர், வேலை போய் ஊரைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டு வருடமாக ஆள் வரவில்லை. "வேணும்னா நீ கொண்டு போ" என்றார் ஃபோர்மேன். சைபுல்லா அதன் வயிற்றுக்குள் போர்வையும் சோப்பும் பால்பவுடர் டின்னும் அடைத்துக் கப்பல் கார்கோவில் போட்டுவிட்டார். 2012 மாசியில் அவர் விடுப்பில் வந்தபோது அது வீட்டு மதிலில் சாய்ந்திருந்தது.

"எல்லாரும் டிவி அனுப்புறாங்க. நீங்க மாட்டுத் தொட்டி அனுப்பியிருக்கீங்க" என்றார் மனைவி சாஜிதா.

மீன் விற்க வந்த சவரிராஜ்தான் அதை மாட்டுத் தொட்டியாகப் பார்க்கவில்லை. அவர் அலையாத்திக் காட்டுக் காயலில் முப்பது வருடம் வலை வீசியவர். திருக்கை முள் குத்திய கால் சர்க்கரையால் அழுகி, இடது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காயலில் தண்ணீர் ஆழமில்லை. படகில் நின்றபடி கம்பு ஊன்றித்தான் தள்ள வேண்டும். நிற்க முடியாதவருக்கு அங்கே இடமில்லை. நான்கு வருடமாக ரோட்டோரம் அடுத்தவர் பிடித்த மீனை விற்றுக்கொண்டிருந்தார். திருப்பூரில் இருக்கும் மகன் கிளாட்சன், பனியன் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். பங்குனி முடிவதற்குள் வரச் சொல்லிவிட்டான்.

சவரிராஜ் ஊன்றுகோலை மதிலில் சாய்த்துவிட்டுக் கயாக்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினார்.

"பாய், இதுல உக்காந்துகிட்டுத்தானே போவாங்க?"

"ஆமாண்ணே."

"நிக்கவே வேணாமா?"

"நின்னா கவுந்துடும்."

மறுநாள் காலையில் சைபுல்லா நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறி, சுனாமிக்குப் பிறகு அங்கே பெருகிப்போன படகுப் பட்டறைகளில் ஒன்றில் ரெசினும் விரிப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். ஐம்பது நாள் விடுப்பு. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், மச்சான் வீட்டுப் பஞ்சாயத்து ஒன்று பாக்கி. எல்லாம் அப்படியே நின்றது.

கயாக் வெள்ளைக்காரரின் நீளத்துக்கும் இரண்டு காலுக்கும் செய்தது. பொருள் வைக்கும் குழி முதுகுக்குப் பின்னால். ஒற்றைக் காலோடு திரும்பி எடுக்கப் போனால் படகும் சேர்ந்து திரும்பும். எல்லாம் முன்னால் வர வேண்டும், உட்காரும் இடம் ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சைபுல்லா முடிவு செய்தார். ஃபைபர் இந்த வகைப் பிளாஸ்டிக்கில் ஒட்டாது. ஆகவே இருக்கையையும் பெட்டிகளையும் தனித்தனியாக வார்த்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இருக்கைக்கு அச்சு எடுக்க வாய்க்காலில் களிமண் வெட்டி வந்து, முற்றத்தில் குவித்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்தார்.

சவரிராஜ் இஸ்திரி போட்ட சட்டையும் வெள்ளை வேட்டியுமாக வந்தார். பாய் வீட்டு முற்றம், கதவுக்குப் பின்னால் பெண்கள். களிமண்ணில் உட்காரச் சொன்னால், திருப்பலியில் உட்கார்வதைப்போல முதுகை நிமிர்த்தி, இருக்கிற காலை ஒடுக்கி, இல்லாத காலை வேட்டியால் மூடி உட்கார்ந்தார். சாஜிதா டீ கொடுத்தனுப்பியபோது இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தார். அச்சு துல்லியமாக விழுந்தது. சைபுல்லாவுக்கு அவ்வளவு சந்தோசம்.

பன்னிரண்டு நாளில் இருக்கை தயார். கண்ணாடி மாதிரி மழமழவென்று இருந்தது. ஆற்றுக்கரையில் இறக்கியபோது பாதி ஊர் கூடிவிட்டது. சவரிராஜ் உட்கார்ந்தார், பத்துப் பாகம் தூரம் போனார், வலையை வீசினார். வலையை இழுக்கச் சாய்ந்தபோது இருக்கை அவரைச் சாயவிடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, படகோடு சேர்த்துக் கவிழ்த்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். நான்கு பேர் குதித்துத் தூக்கி வந்தார்கள். கரையில் சிரிப்பு. தூக்கி வந்தவர்களும் சிரித்தார்கள். அதற்கு நம் ஊர் ஆட்களைச் சொல்ல வேண்டுமா?

சவரிராஜின் மனைவி ஃபிளோரா துண்டால் அவர் தலையைத் துவட்டினார். சவரிராஜ் யாரையும் பார்க்கவில்லை.

"விடுங்க பாய். நான் திருப்பூருக்கே போறேன்."

சைபுல்லாவுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. கணக்கு சரி, கனம் சரி, அச்சில் ஒரு மயிரிழைப் பிசகில்லை. பின்னே எங்கே தப்பு? இருக்கையை மடியில் வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். அது நிறைவாகவே சத்தம் கொடுத்தது. அதைக் கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது.

ஒருநாள் மதியம் கடைத்தெருவுக்குப் போனபோது சவரிராஜைத் தூரத்தில் பார்த்தார். வெயிலுக்கு ஆள் நடமாட்டம் இல்லை. சவரிராஜ் தனியாக மீன் அறுத்துக்கொண்டிருந்தார். கைலியை வழித்துவிட்டு, வெட்டுப்பட்ட காலை ஐஸ் பெட்டியின் மேல் அழுத்தி ஊன்றி, உடம்பை வலப்பக்கமாக முறுக்கி, ஒரு புட்டத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தார். கை எட்டாத இடமே இல்லை. கத்தி, தராசு, தண்ணீர் வாளி எல்லாவற்றுக்கும் அப்படியே சுழன்று சுழன்று போய் வந்தார். சைபுல்லாவைக் கண்டதும் சட்டென்று காலை இறக்கிக் கைலியைப் போர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சைபுல்லா நெற்றியில் அடித்துக்கொண்டார். மரியாதைக்கு உட்கார்ந்ததை அல்லவா அச்சு எடுத்திருக்கிறோம்!

"அண்ணே, இன்னும் ஒரே ஒரு தடவை உக்காருங்க."

"வேணாம் பாய். ஊர் சிரிச்சது போதும்."

"ஊரு வராது. நானும் இருக்க மாட்டேன்."

கைவிடப்பட்ட இறால் குட்டை ஒன்று ஊருக்கு வெளியே மழைத்தண்ணீரோடு கிடந்தது. சுற்றிலும் கருவேலம் புதர். கவிழ்ந்து அடியில் உட்கார்ந்தாலும் கழுத்துக்கு மேல் தண்ணீர் ஏறாது. சைபுல்லா கயாக்கின் நடுக்குழி முழுவதும் களிமண்ணை அப்பி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, வலையைக் கையில் கொடுத்தார்.

"எப்படி வேணும்னாலும் உக்காருங்க. வலை வீசிக்கிட்டே இருங்க. நான் லுஹர் தொழுதுட்டு வரேன்."

போனவர் தொழுகை முடிந்தும் வேண்டுமென்றே ஒரு மணி நேரம் டீக்கடையில் இருந்துவிட்டுத்தான் திரும்பினார். சவரிராஜ் கரையில் வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தார். சைபுல்லா தாளை விலக்கிக் களிமண்ணைப் பார்த்தார். வலப்பக்கம் ஆழமாக ஒரு பள்ளம். இடது முன்பக்கம் வெட்டுப்பட்ட கால் குத்தி நின்ற குழி, ஒரு தேங்காய் அளவு. வலையை இழுக்கும்போது முழங்கை இடித்த இடம், இடது உள்ளங்கை ஊன்றிய இடம், ஐந்து விரலும் தெரிந்தன. பத்தொன்பது வருடத்தில் எந்த எஞ்சினியரின் வரைபடமும் இவ்வளவு பேசியதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து மண்ணைப் பார்ப்பதாகப் பாவனை செய்தார்.

மண்ணை நிழலில் உலர்த்தி, வெடிப்புகளைப் பட்டி வைத்து அடைத்து, மெழுகு தேய்த்து, அதன் மேல் வார்த்தார். வெட்டுப்பட்ட கால் அழுந்தும் குழிக்கு சைக்கிள் டியூபைப் பரப்பி மெத்தை கொடுத்தார். வலப்பக்கம் வலைக்கு ஒரு சரிவுத் தட்டு. முன்னால் மீன் போட ஓட்டை வைத்த பெட்டி. இரண்டு கையும் வலையில் இருக்கும் என்பதால் அதன் மூடி முழங்கையால் தள்ளினால் திறக்கும், விட்டால் டியூபின் இழுப்பில் தானே மூடும். கத்திக்கு ஒரு பிளவு. செல்போனை நனையாமல் போட்டு வைக்க ஓர் ஊறுகாய் ஜாடி, அது நுழையும் அளவில் ஒரு கூடு. படகின் ஓரத்தில் ஊன்றுகோலைச் செருக நீளமான உறை. எந்தக் கரையில் ஒதுங்கினாலும் கை கொடுக்க ஆளைத் தேடக் கூடாது என்பது சைபுல்லாவின் பிடிவாதம். யாரும் கேட்காமல் தானாக யோசித்து அவர் செய்த முதல் பொருள் அதுதான். இதையெல்லாம் விடுப்பில் வந்த மனிதர், தோல் அரிக்க அரிக்க, தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு செய்தார். இப்படி ஓர் ஆளை என்ன சொல்லிப் பாராட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சைபுல்லாவின் விமானத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சவரிராஜ் காயலுக்குப் போனார். கரையில் ஃபிளோராவும் சைபுல்லாவும் மட்டும். ஏழு மணிக்குப் போனவர் பத்து மணிக்குத் திரும்புவதாகப் பேச்சு. பத்தாயிற்று. பதினொன்றும் ஆயிற்று. போனை அடித்தால் மணி போகிறது, எடுக்கவில்லை. ஃபிளோரா ஜெபமாலையைக் கையில் எடுத்துவிட்டார்.

"அந்த மனுசன அனுப்பாதீங்கன்னு சொன்னேனே பாய்!"

சைபுல்லா படகை மனதுக்குள் பிரித்துப் பார்த்தார். ஒரு போல்ட் கழன்றிருந்தால்? கால் அந்தக் குழியில் சிக்கிக்கொண்டிருந்தால்? படகுக்காரன் வீரையனின் மோட்டார் படகைப் பிடித்து, வாய்க்கால் வாய்க்காலாகத் தேடிக்கொண்டு போனார். கடைசியில் அலையாத்தி மரங்கள் கவிந்த ஒரு திருப்பத்தில் மஞ்சள் தெரிந்தது. படகு நேராக நின்றது. மீன் பெட்டியில் மடவையும் ஒரு கொடுவாவும் துள்ளிக்கொண்டிருந்தன. வலை தட்டில் மடித்துக் கிடந்தது. சவரிராஜ் சட்டை இல்லாமல், வெட்டுப்பட்ட காலை வெயிலில் நீட்டிக்கொண்டு, மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே ஆச்சு? போனை எடுக்க மாட்டீங்களா? உசுரே போயிடுச்சு எங்களுக்கு!"

சவரிராஜ் இந்த முறை காலை மூடவில்லை.

"ஒண்ணும் ஆகல பாய். நாலு வருசமா என்னை யாராவது பாத்துக்கிட்டே இருக்காங்க. விழுந்துடுவேனோன்னு பாக்குறாங்க, எப்படி எந்திரிப்பேன்னு பாக்குறாங்க. இன்னைக்குத்தான் ஒருத்தரும் இல்ல. அதான் இப்படியே உக்காந்துட்டேன்."

சைபுல்லா வீரையனின் தோளைத் தொட்டு, படகைத் திருப்பச் சொன்னார்.

"அவரை ஏத்திக்கிட்டுப் போக வேணாமா பாய்?" என்றான் வீரையன்.

"வேணாம். மோட்டாரை மெதுவா எடு, மீன் கலைஞ்சிடும்."

கரையில் ஃபிளோரா ஓடி வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். வாழ்நாளில் பொய் பேசாத சைபுல்லா, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நல்ல மீன் மாட்டுதாம்க்கா. வர சாயங்காலம் ஆகுமாம். நீங்க வீட்டுக்குப் போங்க."